யாருக்கு வந்த அட்டை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
8 ஜூன் 2025

அன்பு மகள் யூனிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் நலம், உன் அப்பாவின் முட்டியையும் நம் ஃப்ளாட்டின் லிஃப்டையும் தவிர. இரண்டும் ஒரே வாரத்தில் நின்றுபோயின. லிஃப்டுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டான். அப்பாதான் டாக்டரிடம் வரமாட்டேன் என்று தைலப் புட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சனிக்கிழமை அரை மணி நேரம் மட்டும் கொடுக்கிற உங்கள் மிஷனரிப் பயிற்சிக் கல்லூரியை முதலில் நான் திட்டாத திட்டு இல்லை. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்கள் வீட்டை விட்டுத் தள்ளி இருந்து பழக வேண்டுமாம். இப்போது எனக்கும் பழகிவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் பாதியை உன் அப்பா "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்றே தீர்த்துவிடுகிறார். கடிதத்தில் என்னை யாரும் இடைமறிக்க முடியாது.

முதலில் நல்ல செய்தி. உனக்குக் குளிர் கோட் வாங்கிவிட்டேன். நம் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பண்டல் கடையில்தான். வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக் கழித்த துணி என்று மூக்கைச் சுளிக்காதே. கொரியாவிலிருந்து வந்த மூட்டையாம். கனமான கறுப்புக் கோட், உள்ளே பஞ்சு, தலைக்குத் தொப்பி, முழங்கால் வரை நீளம். பினாங்கில் இதை வாங்க இன்னொரு ஆள் வரப்போவதில்லை என்று கடைக்காரரிடம் சொல்லியே பேரம் பேசினேன். வீட்டுக்கு வந்ததும் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று நானே மாட்டினேன். மத்தியானம் ஒரு மணி வெயில். ஜிப்பு கழுத்து வரை ஏறி அங்கேயே சிக்கிக்கொண்டது. ஃபேனைப் போட வேண்டிய உன் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கடைசியில் அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா வந்து, ஜிப்பில் சமையல் எண்ணெய் தடவி என்னை வெளியே எடுத்தார். "ஏன் ஜெயா, மங்கோலியாவுக்கு ஒம் மக போறாளா, நீ போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜிப்பு கெட்டுவிட்டது, தையல்காரரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். இன்னொன்று, கோட் எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. அப்படியென்றால் அதற்குள் இரண்டு யூனிஸ் நுழையலாம். கடையில் உன்னை நினைத்துக்கொண்டு என்மேல் வைத்து அளவு பார்த்தது என் புத்திதான். உள்ளே நாலு சட்டை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

கீழே உறைந்த மீனும் கோழியும் மொத்தமாக விற்கிற சீனி முகம்மது அண்ணன் உன்னை விசாரித்தார். டிசம்பர் விடுமுறையில் குளிர் பழக வேண்டும் என்று அவருடைய ஐஸ் ரூமில் தினமும் போய் நின்றாயே, அதை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்கிறார். "எங்க ஐஸ் ரூம்ல இருவது நிமிஷம் நின்ன புள்ளலா. அந்த ஊரு குளிரெல்லாம் அதுகிட்ட வாலாட்டாது" என்கிறார். முதல் நாள் நீ ஐந்தாவது நிமிடமே கதவைத் தட்டியதை மட்டும் சொல்வதில்லை. தங்கமான மனிதர்.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி உங்களை வழியனுப்பும் ஆராதனையில், பெற்றோரில் ஒருவர் எழுந்து, பிள்ளைக்கு ஊழிய அழைப்பு எப்படி வந்தது என்று ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். போன வருடம் புத்தாண்டன்று வந்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றி அம்மா பேசினால்தான் நன்றாக இருக்கும், உங்கள் கையால்தானே எனக்கு அது வந்தது என்றும் எழுதியிருக்கிறாய்.

அப்பாவைப் பேசச் சொல்லேன். எனக்கு மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ அங்கே சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. வாய் பேசுவது வேறு, மைக்கில் பேசுவது வேறு. அப்புறம் அட்டைப் பேச்சு எதற்கு? நாலு வருடம் பள்ளிக்கூடங்களில் பல் நர்ஸாக வேலை பார்த்தாய், அழுகிற பிள்ளைகள்கூட உன்னிடம் வாயைத் திறந்தார்கள், அதைச் சொன்னால் போதாதா?

வேளைக்குச் சாப்பிடு. ஜெபத்தில் அம்மாவை நினைத்துக்கொள். இந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துக்கொள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஜெயலெட்சுமி


ஆயர் ஈத்தாம்
15 ஜூன் 2025

என் அன்பு யூனிக்கு,

போன கடிதத்தில் எழுதிய மைக் கதை பொய். மைக் கிடைத்தால் நான் விடுவேனா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

புத்தாண்டுக் காலை நம் சபையில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். மூப்பர்கள் தட்டுத் தட்டாக அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்த வாக்கு. பிடிக்கவில்லை என்று திருப்பி வைக்கக் கூடாது, அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. "இது கோழிக் கறி இல்ல, பீஸ் பாத்து எடுக்க" என்று போதகர் வருடா வருடம் சொல்வார், எல்லாரும் வருடா வருடம் சிரிப்போம்.

அன்றைக்கு நீ பாடகர் குழுவோடு மேடையில் நின்றாய். அதனால் எப்போதும்போல அப்பாவுக்கும், அன்றைக்கு உனக்கும் சேர்த்து நானே எடுத்தேன். முதலில் எனக்கு, அப்புறம் உனக்கு, கடைசியில் அப்பாவுக்கு.

சொந்த தேசத்தையும் சனத்தையும் விட்டுப் புறப்படச் சொல்கிற அந்த வசனம் இருக்கிறதே, அது எனக்கு எடுத்த அட்டை.

இந்த வயதில் நான் எங்கே புறப்படுவது? அந்தச் சமயம் பார்த்து உன் சித்தப்பா வேறு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து, குடும்பத்தோடு இங்கே வந்துவிடுங்கள் என்று அப்பாவை வாரா வாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சபையில் எல்லாரும் வேன் பிடித்துத் தாய்லாந்து எல்லை தாண்டி ஹட்யாய் போனபோது, கால்வலி என்று சொல்லி வீட்டில் இருந்தவள் நான். அந்தக் கால்வலியும் பொய், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் புக்கிட் தெங்காவிலிருந்து ஃபெர்ரியில் இந்தத் தீவுக்கு வந்தேன். என் கடல் பயணம் அது ஒன்றுதான். இருபது நிமிடத்தில் இரண்டு தரம் வாந்தி.

உனக்கு எடுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பயமில்லாமல், சமாதானமாய் உன் வீட்டில் குடியிருப்பாய் என்று இருந்தது. அடடா, இது அல்லவா எனக்கு வேண்டியது என்று மனசு துள்ளியது. நீ மேடையை விட்டு இறங்கி வருவதற்குள் கை மாற்றிவிட்டேன். சின்னப் பெண்தானே, வசனம் உன்னை என்ன செய்துவிடும், மிஞ்சிப்போனால் கோலாலம்பூருக்கு வேலை மாற்றல் வரும், இல்லாவிட்டால் ஜொகூரில் மாப்பிள்ளை அமையும் என்று கணக்குப் போட்டேன். மங்கோலியா என்று ஒரு இடம் இருப்பது சத்தியமாக என் நினைவிலேயே இல்லை யூனி.

நீ அதைப் படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாய். மார்ச் மாதம் அரசாங்க வேலையை விடப்போகிறேன் என்றாய். அப்பா அந்த அட்டைக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். ஒரு வருடத்துக்கு மேலாக நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். எத்தனையோ தரம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பார்த்து முழுங்கிவிட்டேன். ஆனால் ஆண்டவர் சந்நிதியில், இருநூறு பேருக்கு முன்னால் நின்று என்னால் பொய்ச் சாட்சி சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. பேனாவை எடுத்தபோது, இதைப் படித்தால் நீ பயணத்தை நிறுத்திவிடுவாய், திரும்பி வந்துவிடுவாய் என்று ஒரு நப்பாசை எனக்குள் எட்டிப் பார்த்தது. நீ ஒரே பிள்ளை. உன்னை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசில்லை. நான் பெருந்தன்மையான அம்மா என்று நீ நினைத்துக்கொண்டு போகக் கூடாது. அதனால்தான் இதையும் எழுதினேன்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் தைலம் வாங்கக் கீழே போன நேரத்தில் சட்டத்தைக் கழற்றி அட்டையை எடுத்தேன். என் அட்டை என்று குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருந்ததையும் பிய்த்து எடுத்தேன். இரண்டும் இந்த உறைக்குள் இருக்கின்றன. நீ வந்தால் கறுப்பு வாவல் மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பேன், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். போகிறாய் என்றால் அதற்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். முடிவு உன்னுடையது. ஒரே ஒரு தரம் அம்மாவை மன்னித்துவிடு.

தலை குனிந்து,
அம்மா


பயிற்சிக் கல்லூரி, ஈப்போ
24 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. உங்கள்மேல் எனக்கு இவ்வளவு கோபம் இதுவரை வந்ததில்லை. வேலையை விட்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லி, எனக்கு அழைப்பு வந்தது என்றேன். அத்தனையும் உங்கள் கை செய்த வேலை என்றால், நான் என்னத்தைக் கேட்டு இங்கே வந்தேன்? அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பதற வேண்டாம், ராத்திரி இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டு அட்டைகளையும் எங்கள் முதல்வரின் மேசையில் வைத்தேன். நேப்பாளத்தில் இருபது வருடம் ஊழியம் செய்த அம்மையார் அவர், சிரிக்கவே தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். கதையைக் கேட்டுவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும், விமான டிக்கெட்டுக்கான தாளில் கையெழுத்துப் போட திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது, நீயே யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

நாலு நாள் யோசித்தேன். பிப்ரவரியில் நடைமுறைப் பயிற்சிக்கு மலைக்குள் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் கிராமம் ஒன்றுக்குப் போனோம் அல்லவா? அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே பார்த்த ஒரு குட்டிப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். ஆறு வயது இருக்கும். கன்னம் வீங்கி, மூன்று நாளாகத் தூங்கவில்லை. அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. எங்களோடு வந்த டாக்டர் பார்த்துச் சொன்னதும் அந்தப் பால் பல்லை நான் எடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள். அவள் அம்மா தூக்க வந்தபோது, கொஞ்சம் இருக்கட்டும் என்று கை காட்டினேன். கால் மரத்துப்போய்விட்டது, அசையவில்லை. பல்வலிக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டிய இடத்தில்தான் நான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. மங்கோலியாவில் ஆட்டு மந்தையோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிற குடும்பங்களுக்குப் பல் வண்டி வருடத்துக்கு ஒரு தரம்தான் போகுமாம்.

அந்த மலையில் அட்டை என் நினைவிலேயே இல்லை அம்மா. அட்டையைப் பார்த்து விண்ணப்பம் போட்டேன், அது உண்மை. இங்கே தங்கினது அதற்காக இல்லை.

நேற்றுக் காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் போகிறேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டேன், ஆனால் சும்மா இல்லை. பயமில்லாமல் குடியிருப்பாய் என்கிற அட்டை எனக்கு வந்தது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். மைனஸ் முப்பது குளிரில் அது எனக்குத்தான் வேண்டும். வீடு எந்த ஊரில் என்று அதில் போடவில்லை. உங்களுடையதை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். புறப்படு என்று ஆண்டவர் சொன்னது உங்களிடம். உங்கள் பங்குக்கு நான் கிளம்பிவிட்டேன், சொல்லப்பட்ட ஆள் இன்னும் ஆயர் ஈத்தாமை விட்டு நகரவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி நீங்கள்தான் பேச வேண்டும். உள்ளதை உள்ளபடி பேசுங்கள், கையில் பாஸ்போர்ட்டோடு பேசுங்கள். இல்லாவிட்டால் மைக்கை வாங்கி நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், ஹட்யாய் கால்வலி உட்பட.

அப்பாவுக்கு என் அன்பு. அவரிடம் சொல்லிவிடுங்கள், பாவம்.

உங்கள் மகள்,
யூனிஸ்


ஆயர் ஈத்தாம்
13 ஜூலை 2025

என் கண்ணான யூனிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். போகிறேன் என்ற வரி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். நீ வரமாட்டாய் என்ற அழுகையும், உன்னை நான் கெடுத்துவிடவில்லை என்ற அழுகையும் சேர்ந்து வந்தன. எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஹாலில் வெறும் சட்டம் தொங்குவதை அவர் இரண்டு வாரமாகக் கவனிக்கவே இல்லை, அதையும் நான்தான் காட்ட வேண்டியிருந்தது. கதை முழுவதையும் கேட்டார். கடைசியில், "அப்போ எனக்கு நீ எடுத்துக் குடுத்த அட்டையாவது என்னோடதுதானா?" என்று கேட்டார். உன் அப்பாவோடு முப்பது வருடம் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று யாராவது என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தேவலை.

இனிமேல்தான் முக்கியச் செய்தி. வியாழக்கிழமை டவுனுக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தேன். ஆமாம், நான்தான். போகிற வழியில் தையல்காரரிடம் இறங்கி, ஜிப்பு மாற்றிய உன் கோட்டையும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டேன். இமிகிரேஷன் அலுவலகத்தில் நம்பர் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால், ஷாருல் என்று பெயர் குத்தியிருந்த மலாய்த் தம்பி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டுகிறார். "மாக்சிக், பாஜு பூத்தே தா போலே" என்கிறார். பாஸ்போர்ட் படத்துக்கு வெள்ளைச் சட்டை ஆகாதாம், கறுப்பு மாதிரி அடர்ந்த நிறம்தான் வேண்டுமாம். நான் போயிருந்ததோ ஞாயிற்றுக்கிழமை போடுகிற வெள்ளைக் குர்த்தாவில். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தால் அன்றைய நாளே போய்விடும். திரும்பிப் போனால் மறுபடி வருவேனா என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

பையைத் திறந்தேன். கோட்டை எடுத்து மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று அந்தத் தம்பி கேட்டார். மங்கோலியா என்றேன். அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாகுஸ் மாக்சிக், டா சியாப்" என்று சிரித்துவிட்டார். நல்லது ஆன்ட்டி, ஏற்கெனவே தயாராகிவிட்டீர்கள் என்கிறார்!

படத்தில் நெற்றியெல்லாம் வியர்வை, கழுத்து வரை கறுப்புக் கோட். புஷ்பவள்ளி அக்கா பார்த்துவிட்டு, பனிமலையில் பிடித்த திருடி மாதிரி இருக்கிறது என்றார். சீனி முகம்மது அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு, "தங்கச்சி, ஒனக்கும் ஐஸ் ரூம் தொறந்து விடுறேன்லா" என்று கூப்பிட்டார். நேற்றுப் போய் நின்றேன். உன் அளவுக்கு முடியவில்லை, மூன்று நிமிடம்தான். ஆனால் கதவைத் தட்டவில்லை, அவராகவே பயந்துபோய்த் திறந்துவிட்டார்.

அந்தக் கோட்டை இனி எதிர்பார்க்காதே. பாஸ்போர்ட்டில் இருக்கிறவளும் நேரில் வருகிறவளும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டாமா? பண்டல் கடைக்கு மறுபடி போய், உன் அளவில் நீலக் கோட் ஒன்று தேடி எடுத்துவிட்டேன். இந்தத் தடவை புஷ்பவள்ளி அக்காவின் மகளை நிற்க வைத்து அளவு பார்த்தேன். உனக்குக் கட்டி வைத்திருக்கிற பையில் பூண்டு ஊறுகாய் இருக்கிறது, மீன் மசாலாவும் இருக்கிறது. அங்கே மீன் கிடைக்காது என்கிறாய், ஆட்டுக்கறியில் போட்டுப் பார்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி நாங்கள் காலை பஸ்ஸில் வந்துவிடுவோம். ஐந்து நிமிடம் எனக்குப் போதாது என்று உங்கள் முதல்வரிடம் முன்கூட்டியே சொல்லி வை. அட்டை கைப்பையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். அங்கே நான் அழுதால் கண்டுகொள்ளாதே, நீ அழாதே. விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதையும் மாற்றிக்கொண்டேன். ஏறுவதற்கு எந்தப் பக்கம் போவது, எங்கே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், எல்லாவற்றையும் நானும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போய் வா மகளே. உன் கை பட்ட பிள்ளைகளுக்கு அன்றைக்கே வலி நின்று தூக்கம் வரட்டும். நீ இருக்கிற கூடாரத்தில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பேசத் தெரியாத ஊரில், உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு வாயை ஆண்டவர் அனுப்பி வைக்கட்டும். இரண்டு பேரில் ஒருத்தி முன்னே போகிறாய், அவ்வளவுதான். அடுத்த ஜூன் மாதம் அங்கே நல்ல வெயிலாமே. அந்த வெயிலில் கழுத்து வரை ஜிப்பு போட்ட கறுப்புக் கோட்டோடு ஒருத்தி வந்து கதவைத் தட்டினால் நான்தான். சட்டென்று திற.

புறப்படத் தயாராக,
உன் அம்மா